சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைச் சுற்றி மண், நிலத்தடி நீர்ப் பரிசோதனை: திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

கொட்டியாரம்:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை சீனக்குடா எண்ணெய்த் தாங்கித் தொகுதிக்கு அண்மையில் வாழும் சிலர் சேர்ந்து, எங்கள் கிணறுகளையும் மண்ணையும் பரிசோதிப்பதற்கு ஒரு திட்டம் தயாரித்து வருகிறோம். அதை அதிகாரிகளிடம் கொடுப்பதற்கு முன் இங்கே வைத்துக் கருத்துக் கேட்க விரும்புகிறேன்.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரித்தானியர் 1930களில் தங்கள் கடற்படைக் கப்பல்களுக்கு எரிபொருள் வழங்குவதற்காக இந்தத் தாங்கிகளைக் கட்டினார்கள். இன்று 99 தாங்கிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர் கொள்ளக்கூடியது. 1942 ஏப்ரல் 9இல் நடந்த ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒரு தாங்கி எரிந்தது. கீழ்த் தொகுதித் தாங்கிகளை 2003 முதல் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைத் துணை நிறுவனமான லங்கா ஐஓசி பயன்படுத்துகிறது. மேல் தொகுதியின் பெரும்பகுதி பல பத்தாண்டுகளாகக் காட்டுக்குள் வெறுமனே கிடக்கிறது. 2022 ஜனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி 61 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐஓசியும் இணைந்த கூட்டு நிறுவனத்துக்கும், 24 கூட்டுத்தாபனத்துக்கும், 14 லங்கா ஐஓசிக்கும் உரியவை. அவற்றைத் திருத்திப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் வேலை நடக்க வேண்டியிருக்கிறது.

அந்த வேலை தொடங்குவதற்கு முன், மண்ணும் நீரும் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் பதிவு செய்ய வேண்டும் என்பதே எங்கள் எண்ணம். எங்கள் வரைவு இதுதான்: தொகுதியின் வேலியிலிருந்து ஒரு கிலோமீற்றர் சுற்றளவுக்குள் உள்ள கிணறுகளில் ஒருமுறை நீர் எடுத்து, எண்ணெயும் கொழுப்பும் எனும் பரிசோதனையைச் செய்வது, வேலியோரத்தில் சில இடங்களில் மேல்மண் எடுப்பது. பணம் குறைவு. இது போதுமா?

வலிகாமத்தான்:

போதாது என்று உறுதியாகச் சொல்வேன். நான் யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவன். எங்கள் அனுபவம் உங்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

சுன்னாகம் மின் நிலைய வளாகத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் முறையிட்ட பிறகுதான் பரிசோதனைகள் தொடங்கின. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஒரு பக்கம் மாதிரி எடுத்தது. மாகாண சபை அமைத்த நிபுணர் குழு இன்னொரு பக்கம் எடுத்தது. பிற நிறுவனங்களும் தனித்தனியே எடுத்தன. ஒருவர் கிணறுகளில் எண்ணெய் கலந்திருக்கிறது என்றார். இன்னொருவர் அபாயகரமான மாசு இல்லை என்றார். குடிக்கலாமா கூடாதா என்று கேட்ட தாய்மாருக்கு ஒரு நேரான பதிலைச் சொல்ல எவராலும் முடியவில்லை. பவுசரில் வந்த தண்ணீருக்காகப் பாத்திரங்களுடன் சனம் வரிசையில் நின்றது. 2019 ஏப்ரல் 4இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அங்கே மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று கட்டளையிடும் வரை இந்த இழுபறி நீண்டது.

அறிக்கைகள் முரண்பட்டதற்கு யாரோ பொய் சொன்னார்கள் என்பதே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். என் கணிப்பு வேறு. எந்தக் கிணறு, எந்த மாதம், எந்த ஆழம், எந்த இரசாயனம் என்பதை ஆரம்பத்திலேயே எல்லாரும் கூடி முடிவு செய்யவில்லை. ஒருவர் அளந்ததை மற்றவர் அளக்கவில்லை. அதோடு, அதே வளாகத்தில் முன்பு இயங்கிய பழைய மின் நிலையத்தின் கழிவெண்ணெயும், போர்க்காலத்தில் தாங்கிகள் தாக்கப்பட்டபோது கொட்டிய எண்ணெயும் மண்ணில் இருந்ததாக ஊரில் பேசப்பட்டது. பழையது எவ்வளவு, புதியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதற்கு முந்திய பதிவு எதுவும் இருக்கவில்லை.

உங்களுக்கு அந்தப் பதிவை உருவாக்கும் காலம் இன்னும் கையில் இருக்கிறது. நாளைக்கு ஒரு கிணற்றில் எண்ணெய் தெரிந்தால், "அது வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்" என்று ஒரே வரியில் தட்டிக் கழிக்கப்படும். அந்த வரிக்கு இன்றே பதில் தயாரிப்பதுதான் உங்கள் திட்டத்தின் முதல் வேலை என்று நான் கருதுகிறேன்.

நீரோட்டம்:

நான் சென்னையில் நிலத்தடி நீர் ஆய்வுத் துறையில் பணிபுரிகிறேன். வலிகாமத்தான் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கொட்டியாரம் அவர்களின் வரைவில் எனக்கு உள்ள முதல் ஆட்சேபம், அந்த ஒரு கிலோமீட்டர் வட்டம்.

எண்ணெய் வட்டமாகப் பரவாது. தரையில் கொட்டிய எண்ணெய் முதலில் செங்குத்தாகக் கீழே இறங்கும். நீர்மட்டத்தை அடைந்ததும், நீரைவிட இலேசானது என்பதால் அதன் மேல் மிதந்து பரவும். அதிலிருந்து கரையக்கூடிய பகுதி மட்டும் நிலத்தடி நீர் ஓடும் திசையில் நீண்ட நாக்குப்போல நகரும். ஆகவே ஓட்டத்தின் கீழ்ப்புறத்தில் நானூறு மீட்டர் தள்ளி இருக்கும் கிணறு பாதிக்கப்பட்டிருக்கலாம். மேல்புறத்தில் வேலியை ஒட்டியிருக்கும் கிணறு சுத்தமாக இருக்கலாம். வட்டத்துக்குள் இருக்கும் எல்லாக் கிணறுகளையும் சோதித்துச் சராசரி எடுத்தால், உண்மையில் நடந்துகொண்டிருப்பது அந்தச் சராசரிக்குள் மறைந்துபோகும்.

எனவே முதல் செலவு நீர்மட்டத்தை அளப்பதற்காக இருக்கட்டும். அதற்கு ஆய்வகம் தேவையில்லை. குறைந்தது மூன்று கிணறுகள், ஒரே கோட்டில் இல்லாமல் முக்கோணமாக அமைந்தவை, அவற்றின் விளிம்பு உயரம் ஒரே தளத்திலிருந்து அளக்கப்பட்டவை, இவை இருந்தால் நீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கணக்கிட முடியும். உங்கள் நிலத்தில் மூன்று போதாது. சுன்னாகம் சுண்ணாம்புக்கல், சீனக்குடாவின் அடியில் இருப்பது பழமையான படிகப் பாறை, அதன் மேல் சிதைந்த பாறைப் படலம், கடலோரத்தில் மணல். சிதைந்த படலத்தில் நீர் ஓரளவு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, அதாவது பெரும்பாலும் குடாவை நோக்கிச் செல்லும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் அடியில் உள்ள பாறை வெடிப்புகள் தங்களுக்கென்று ஒரு திசை வைத்திருக்கும். ஆழமான குழாய்க்கிணறுகள் அந்த வெடிப்புகளிலிருந்து நீர் இழுப்பவை. கட்டுக்கிணறுகள் மேல் படலத்திலிருந்து இழுப்பவை. இந்த இரண்டையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள்.

இரண்டாவது, "ஒருமுறை" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். உங்களுக்கு வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் நீர்மட்டம் உயர்ந்திருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் அடிமட்டத்துக்குப் போயிருக்கும். மட்டம் இறங்கும்போது மிதக்கும் எண்ணெயும் கூடவே இறங்கி, மண் துகள்களில் ஒட்டிக்கொண்டே போகும். மட்டம் ஏறும்போது அந்த எண்ணெயில் ஒரு பகுதி நீருக்கு அடியில் சிக்கிவிடும். மழைக்காலத்தில் மட்டும் பார்த்தவர் கிணற்றில் எண்ணெய்ப் படலம் இல்லை என்று எழுதிவிட்டுப் போவார். கோடையில் அதே கிணற்றில் படலம் தெரியும். இருவருமே உண்மையைத்தான் எழுதியிருப்பார்கள். குறைந்தபட்சம் இரண்டு பருவங்கள் தேவை.

கொட்டியாரம்:

மிக்க நன்றி. இரண்டு பேரும் சொன்னதைக் குழுவில் வாசித்துக் காட்டினேன். ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது: வேலிக்கு உள்ளே எங்களுக்கு அனுமதி இல்லை. வெளியே புதிய அவதானிப்புக் கிணறு தோண்டவும் இப்போதைக்குப் பணம் இல்லை. இருக்கும் வீட்டுக் கிணறுகளை வைத்தே தொடங்க வேண்டிய நிலை. எண்ணெயும் கொழுப்பும் பரிசோதனைதான் மலிவாகக் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம்?

குடுவை:

நீர் ஆய்வுகூடம் ஒன்றில் இரசாயனப் பகுப்பாய்வு செய்பவள் நான். இந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயும் கொழுப்பும் என்பது ஒரு பொருளின் அளவு அன்று. நீரை ஹெக்சேன் என்ற கரைப்பானுடன் குலுக்கி, அந்தக் கரைப்பானில் கரைந்து வந்த அனைத்தையும் ஆவியாக்கி, எஞ்சியதை நிறுப்பது. டீசல் வந்தாலும் எஞ்சும். தேங்காய் எண்ணெய், சவர்க்காரம், இலைகளின் மெழுகு வந்தாலும் எஞ்சும். கிணற்றடியில் குளித்துத் துவைக்கும் வீட்டில் எண் உயர்ந்து வருவதற்கு எண்ணெய்த் தாங்கி தேவையில்லை. மறுபுறம் பெற்றோலின் இலேசான பகுதி கரைப்பானை ஆவியாக்கும்போதே பறந்துவிடும். ஆகவே பெற்றோல் கலந்த நீரில் இந்த எண் குறைவாகவே காட்டும். பிரித்தெடுத்த கரைசலைச் சிலிக்கா ஜெல்லுடன் கலக்கி வடித்தெடுத்தால் கொழுப்பும் சவர்க்காரமும் பெரும்பாலும் நீங்கி, கனிய எண்ணெய் மட்டும் மிஞ்சும். இந்த ஒரு படியைக் கட்டாயம் கேட்டுப் பெறுங்கள்.

அடுத்தது இன்னும் முக்கியம். இலங்கையின் குடிநீர்த் தரம் எஸ்எல்எஸ் 614, 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தில், எண்ணெயும் கொழுப்பும் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. பரவலாகப் பின்பற்றப்படும், எஞ்சியதை நிறுத்து அளக்கும் முறையான, ஐக்கிய அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 1664ஆம் முறையில், கண்டறியக்கூடிய கீழெல்லையே 1.4 மில்லிகிராம், நம்பகமாக அளவிடக்கூடிய எல்லை 5 மில்லிகிராம். அதாவது அந்த முறையில் "கண்டறியப்படவில்லை" என்று வந்தால், நீர் தரத்துக்குள் இருக்கிறது என்று பொருள் ஆகாது. தரத்தின் ஏழு மடங்கு எண்ணெய் இருந்தும் அறிக்கை வெறுமையாக வரலாம். ஆய்வுகூடத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டணம் எவ்வளவு என்பது அன்று. உங்கள் முறையின் கீழெல்லை என்ன என்பதுதான்.

எதைத் தேடுவது என்பது எந்த எண்ணெய் என்பதைப் பொறுத்தது. பெற்றோல் என்றால் பென்சீன், டொலுயீன், எதைல்பென்சீன், சைலீன் ஆகிய நான்கும் கட்டாயம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியில் பென்சீனுக்கு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். டீசலில் இவை குறைவு. நாப்தலீன் முதலான பல்வளைய ஐதரோகாபன்களைப் பார்க்க வேண்டும். கப்பல்களுக்கு எரித்த பழைய கன எண்ணெயில் எளிதில் கரைவது மிகச் சிறிது. அது நீரைவிட மண்ணில்தான் பிடிபடும்.

இப்போது போத்தல். பலரும் பிளாஸ்ரிக் போத்தலில் எடுத்துவருகிறார்கள். எண்ணெய் அதன் சுவரில் ஒட்டிவிடும். கண்ணாடிப் போத்தல்தான் வேண்டும். கிணற்று நீர் எடுக்கும்போது அதே நீரால் மூன்று முறை அலசும் பழக்கம் மற்றச் சோதனைகளுக்கு நல்லது. எண்ணெய்க்கு அது கூடாது, ஏனெனில் அலசும் ஒவ்வொரு முறையும் உள்சுவரில் எண்ணெய் படிந்து சேர்கிறது. ஒரு லீற்றர்ப் போத்தலை ஒரே முறையில் நிரப்பி, அமிலம் சேர்த்து, பனிக்கட்டியில் வைத்து அனுப்புங்கள்; ஆய்வுகூடம் அந்தப் போத்தலின் நீர் முழுவதையும் பயன்படுத்தி, போத்தலையும் கரைப்பானால் கழுவிச் சேர்க்க வேண்டும். பென்சீன் வகைக்கு 40 மில்லிலீற்றர்க் கண்ணாடிக் குப்பி தனியாக: விளிம்பு வரை நிரப்பி, மூடியபின் தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். ஒரு காற்றுக்குமிழி மேலெழுந்தால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட்டு வேறொன்றில் எடுங்கள். ஆவியாகக்கூடியது அந்தக் குமிழிக்குள் போய்விடும்.

தாங்கியடி:

நான் எரிபொருள் களஞ்சியம் ஒன்றில் நீண்டகாலம் பராமரிப்புப் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்றவன். எல்லாரும் தாங்கியையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதால் சற்று மாறுபட்டுச் சொல்ல விரும்புகிறேன்.

தாங்கி வெடித்துக் கொட்டுவது அரிது. கசிவு பெரும்பாலும் குழாய்கள், வால்வுகள், இணைப்புத் தட்டுகள், பவுசர் நிரப்பும் மேடை, எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் தொட்டி ஆகியவற்றில்தான் நிகழ்கிறது. தாங்கியின் அடியில் நீர் தேங்கும். அதைக் காலத்துக்குக் காலம் வடித்து விடுவார்கள். அந்த நீரோடு கொஞ்சம் எண்ணெயும் போகும். அது போய்ச் சேரும் வாய்க்காலைக் கண்டுபிடித்தால் நீங்கள் மண் எடுக்க வேண்டிய இடம் தெரிந்துவிடும். வேலியோரத்தில் சம இடைவெளியில் மேல்மண் எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை; மேல்மண்ணில் வெயிலும் மழையும் நுண்ணுயிரும் எண்ணெயைத் தின்றுவிடும். வாய்க்கால் வேலியைத் தாண்டி வெளியே வரும் இடத்தில், அதன் அடிச்சேற்றில், பிறகு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்ள ஈரமான படையில் எடுங்கள்.

திருத்த வேலையே ஒரு மாசுக் காரணம் என்பதையும் யாரும் இதுவரை எழுதவில்லை. பழைய எஃகுத் தாங்கிகளுக்கு ஈயம் கலந்த பூச்சு அடிப்பது அந்தக் காலத்து வழக்கம். அதைச் சுரண்டும்போதும் மணல் வீசித் துடைக்கும்போதும் தூள் சுற்றியுள்ள மண்ணில் படியும். தாங்கியின் அடியில் இறுகிக் கிடக்கும் கசடு வெளியே எடுக்கப்படும். ஆகவே வேலை தொடங்குவதற்கு முன் மண்ணில் ஈயத்தின் அளவும் பதிவாக வேண்டும்.

ஒரு சல்லியும் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. அங்கே வேலை செய்து ஓய்வுபெற்ற முதியவர்களைத் தேடிப் போய், எந்த வால்வு ஒழுகும், எந்தப் பள்ளத்தில் கசடு கொட்டினார்கள், எந்தக் குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்று கேட்டுப் படத்தில் குறியுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

ஒன்ராறியோ வாசகன்:

தாங்கியடி ஐயா சொன்னதற்கு வலுவான எடுத்துக்காட்டு ஹவாயின் ரெட் ஹில். அமெரிக்கக் கடற்படையின் 20 நிலத்தடித் தாங்கிகள், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கட்டியவை, குடிநீர் தரும் நிலத்தடி நீர்த்தேக்கத்துக்குச் சுமார் 30 மீற்றர் மேலே இருந்தன. கண்காணிப்புக் கிணறுகளும் இருந்தன. 2021 நவம்பரில் குடிநீரில் எரிபொருள் கலந்தபோது, அது வந்தது தாங்கியின் சுவரிலிருந்து அன்று. முந்திய கசிவில் வெளியேறிய எரிபொருள் தீயணைப்பு அமைப்பின் வடிகுழாய்க்குள் மாதக்கணக்கில் தேங்கியிருந்து, அந்தக் குழாய் உடைந்தபோது நீர்க்கிணற்றை நோக்கிப் பாய்ந்தது. அந்த வலையமைப்பில் நீர் பெற்றவர்கள் சுமார் 93,000 பேர். களஞ்சியத்தை மூடும் முடிவு 2022 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது.

நான் இங்கே நிலமாசு மதிப்பீட்டு வேலை செய்கிறேன். எங்கள் வழக்கத்தில் முதல் கட்டத்தில் ஒரு பிடி மண்கூட எடுப்பதில்லை. பழைய வரைபடங்கள், வான்படங்கள், பராமரிப்புப் பதிவேடுகள், நேர்காணல்கள், நடந்து பார்ப்பது இவ்வளவுதான். அதிலிருந்து எழும் ஐயங்களுக்குப் பதில் தேடித்தான் இரண்டாம் கட்டத்தில் துளையிடுகிறோம். முதல் கட்டத்தைத் தவிர்த்தால் இரண்டாம் கட்டச் செலவு கூடும், பதில் குறையும்.

வலிகாமத்தான் எழுப்பிய பழைய எண்ணெய், புதிய எண்ணெய் என்ற கேள்விக்கு வழி இருக்கிறது. கலவையின் சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்பி என்ற கருவியில் ஒவ்வோர் எண்ணெயும் தனக்குரிய ஒரு கோலத்தைக் காட்டும். கடற்படைக்கு வந்த கன எண்ணெயின் கோலமும் இன்றைய டீசலின் கோலமும் ஒன்றல்ல. இலேசான பகுதி போய்விட்டாலும், ஹோப்பேன், ஸ்ரெரேன் போன்ற எளிதில் அழியாத சேர்மங்கள் கன எண்ணெயில் நீண்டகாலம் நிலைக்கும். டீசலில் அவை மிகச் சொற்பம் என்பதால் அதற்கு வேறு சேர்மங்களின் விகிதத்தைப் பார்ப்பார்கள். ஆனால் ஒப்பிடுவதற்கு மூல எண்ணெய் வேண்டும். கைவிடப்பட்ட தாங்கிகளின் அடிக்கசடிலிருந்து, அவை சுத்தம் செய்யப்படும் முன், அதிகாரிகள் முன்னிலையில் மாதிரி எடுத்து முத்திரையிட்டுப் பாதுகாக்கும்படி இப்போதே எழுத்தில் கேளுங்கள். கசடு அகற்றப்பட்ட பிறகு அந்தச் சான்று எக்காலத்திலும் கிடைக்காது.

வலிகாமத்தான்:

இந்தக் கடைசிப் பத்தி ஒன்றுக்காகவே இந்த இழையை அச்சிட்டு வைக்கலாம். எங்களுக்கு அப்படி ஒரு போத்தல் இருந்திருந்தால் எத்தனையோ வாதங்கள் தேவைப்பட்டிரா.

ஆனால் ஒன்றைச் சேர்க்கிறேன். அறிவியல் சரியாக இருந்தாலும் சனம் நம்பாவிட்டால் பயனில்லை. மாதிரி எடுக்கும் நாளில் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும். கிராம அலுவலர் கையொப்பமிட வேண்டும். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து ஒன்றை ஊர்ச் சார்பில் வேறொரு ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவுகள் சுருக்கமாக அன்றி, ஒவ்வோர் எண்ணும் அப்படியே பிரதேச செயலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

குடுவை:

ஒரேயொரு திருத்தம், வலிகாமத்தான் அண்ணா. எண்ணெய் மாதிரியை எடுத்தபின் இரண்டாகப் பிரிக்கக் கூடாது. ஊற்றும்போது மிதக்கும் எண்ணெய் ஒரு போத்தலுக்குள் கூடுதலாகப் போகும், மற்றதில் குறையும், பிறகு இரண்டு ஆய்வுகூடங்களும் முரண்பட்டதாகத் தலைப்புச் செய்தி வரும். ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில், அடுத்தடுத்து இரண்டு போத்தல்களை நிரப்புங்கள். அதோடு பத்து மாதிரிகளுக்கு ஒன்றையாவது பெயர் மாற்றி, அதே கிணற்று நீரை இரண்டாவது இலக்கத்தில் அனுப்புங்கள். ஆய்வுகூடத்தின் நிதானம் அதில் தெரியும். தூய நீர் நிரப்பிய குப்பி ஒன்றும் பயணம் முழுவதும் கூடவே போய் வர வேண்டும். வாகனத்தின் பெற்றோல் ஆவி குப்பிக்குள் புகுந்ததா என்று சொல்வது அதுதான்.

கிணற்றில் எடுக்கும் முறையையும் எழுதிவிடுகிறேன். முதலில் எதையும் அசைக்காமல் மேற்பரப்பைப் பாருங்கள், முகருங்கள், படம் எடுங்கள். படலம் இருந்தால் அதைத் தனியாக எடுங்கள். வாளியைப் போட்டுக் கலக்கிவிட்டால் மேலே இருந்த எண்ணெய் முழு நீரிலும் சிதறி, அதன்பின் எடுக்கும் எந்த மாதிரியும் எதையும் சொல்லாது. நீர்ப்பம்பியில் எண்ணெய் மசகு ஒழுகுகிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

நீரோட்டம்:

கொட்டியாரம் அவர்களின் பணச் சிக்கலுக்கு ஒரு வழி. பெட்ரோலியம் கலந்த நிலத்தடி நீரில் நுண்ணுயிர்கள் அதை உணவாக்கும்போது முதலில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தீர்க்கும்; பிறகு நைட்ரேட்டை; அதன்பின் மாங்கனீசும் இரும்பும் நீரில் கரைந்து வரும்; சல்ஃபேட் குறையும். மினசோட்டா மாநிலத்தின் பெமிட்ஜி அருகே 1979இல் கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்த இடத்தை அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 1983 முதல் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. இந்த வரிசை அங்கே மிகத் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

இதை நீங்கள் இப்படிப் பயன்படுத்தலாம். உரம் இட்ட தோட்டங்களும் மலக்குழிகளும் உள்ள ஊரில் கிணறுகளில் நைட்ரேட் இருப்பது இயல்பு. சுற்றிலும் நைட்ரேட் இருக்க, நடுவே ஒரு கிணற்றில் மட்டும் அது இல்லாமல், ஆக்சிஜனும் குறைந்து, இரும்பு கூடியிருந்தால், அந்தக் கிணற்றை ஐயத்துடன் பாருங்கள். சதுப்பு நிலமும் இதே அடையாளத்தைக் காட்டும் என்பதால் இதைத் தீர்ப்பாக எடுக்க வேண்டாம். கரைந்த ஆக்சிஜன், மின்கடத்துதிறன், நைட்ரேட், இரும்பு ஆகியவற்றைக் குறைந்த செலவில் எல்லாக் கிணறுகளிலும் அளந்து, அதில் தனித்துத் தெரியும் கிணறுகளுக்கு மட்டும் விலை உயர்ந்த பகுப்பாய்வைச் செய்யலாம். பின்னணியை அறிய ஓட்டத்தின் மேல்புறத்தில் ஓரிரு கிணறுகளையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். மேல்புறக் கிணறு இல்லாத ஆய்வை எந்த நீதிமன்றத்திலும் ஒரு வழக்கறிஞர் ஐந்து நிமிடத்தில் உடைத்துவிடுவார்.

வெள்ளத்தையும் கணக்கில் எடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை போய், வீட்டுச் சுவர்களிலும் மீனவர் படகுகளிலும் வலைகளிலும் கறுப்பாகப் படிந்தது. நிலத்தடி நீர் ஓடும் திசை அதற்குப் பொருட்டே அல்ல. கனமழையில் தாங்கித் தொகுதியிலிருந்து நீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதைப் படத்தில் குறித்து, அந்த வழியில் உள்ள கிணறுகளுக்குக் கட்டு உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தாங்கியடி:

நைட்ரேட் யோசனை நன்று. ஆனால் வெளிக்கிணறுகளை வைத்தே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்ற எண்ணம் வரக்கூடாது. வெளிக்கிணற்றில் எண்ணெய் தெரியும் நாளில் உள்ளே எவ்வளவோ காலம் கடந்திருக்கும். வேலிக்கு உட்புறம், தாங்கிகளுக்கும் குடியிருப்புக்கும் நடுவே, கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். அந்தச் செலவு நிறுவனங்களுடையது. அவற்றின் துளைக்குழாய்ப் பகுதி, அதாவது நீர் உள்ளே வருவதற்காகத் துளைகள் இட்ட பகுதி, கோடையின் அடிமட்டத்துக்குக் கீழிருந்து மாரியின் மேல்மட்டத்துக்கு மேல் வரை நீள வேண்டும் என்பதை எழுத்தில் வற்புறுத்துங்கள். துளைப்பகுதி நீர்மட்டத்துக்கு அடியில் மூழ்கியிருந்தால், மேலே மிதக்கும் எண்ணெய் கிணற்றுக்குள் வராது. ஆண்டுதோறும் "எண்ணெய் இல்லை" என்ற அறிக்கை ஒழுங்காக வந்துகொண்டேயிருக்கும்.

நீரோட்டம்:

ஐயா சொன்னது முற்றிலும் சரி. அதோடு, அத்தகைய கிணற்றில் அளக்கும் எண்ணெய்ப் படலத்தின் தடிப்பு மண்ணில் உள்ள தடிப்பைவிட அதிகமாகத் தெரியும். தடிப்பை வைத்து எத்தனை லிட்டர் கொட்டியது என்று கணக்குப் போட வேண்டாம்.

கொட்டியாரம்:

எல்லாருக்கும் எங்கள் ஊரின் சார்பில் நன்றி. குழுவில் பேசி வரைவை மாற்றி எழுதியிருக்கிறோம். முதல் கட்டத்தில் ஆய்வுகூடச் செலவே இல்லை: ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் நேர்காணல், வாய்க்கால்களையும் புதைந்த குழாய்களையும் குறித்த படம், கட்டுக்கிணறுகளும் குழாய்க்கிணறுகளும் தனித்தனியான பட்டியல், செப்டம்பரிலும் மழை முடிந்த பின்னரும் நீர்மட்ட அளவீடு. நில அளவையாளர் ஒருவர் கிணற்று விளிம்பு உயரங்களை இலவசமாக எடுத்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். அதன்பின் நைட்ரேட், ஆக்சிஜன், இரும்பு ஆகியவற்றை எல்லாக் கிணறுகளிலும், பென்சீன் வகையையும் பல்வளைய ஐதரோகாபன்களையும் தெரிந்தெடுத்த கிணறுகளிலும் பார்ப்போம். மண் மாதிரியை வாய்க்கால் வெளியேறும் இடங்களுக்கு மட்டுப்படுத்தி, அதில் ஈயத்தையும் சேர்த்திருக்கிறோம்.

இவற்றுக்கு முன்பாக, கசடு மாதிரியைப் பாதுகாப்பது, உட்புறக் கண்காணிப்புக் கிணறு ஆகிய இரண்டு கோரிக்கைகளையும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் தாங்கிகளை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கும் பிரதேச செயலகம் ஊடாக அனுப்புகிறோம். கடிதத்தின் வரைவை நாளை இங்கே இடுகிறேன். ஒரு கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது: கசடு மாதிரியை எவ்வளவு காலம், எப்படி வைத்திருப்பது?

குடுவை:

கருநிறக் கண்ணாடிப் போத்தலில், தெஃப்லோன் உள்மூடியுடன், விரிவடைய இடம் விட்டு, உறைநிலையில், இருளில் வையுங்கள். ஒவ்வொரு தாங்கிக்கும் தனிப் போத்தல். இரண்டு தொகுதிகளாக, இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் பொறுப்பில். யார் எப்போது திறந்தார் என்ற பதிவேடு போத்தலோடு இருக்க வேண்டும். மின்வெட்டுக்கு ஈடுகொடுக்கும் உறைபெட்டி எங்கே இருக்கிறது என்பதையும் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.